கல்லூரியில் சக மாணவர் பேச்சுக் குழு தொடங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

போஸ்டர் ஒட்டுவதும் டெலிகிராம் குழு திறப்பதும் இந்த வேலையில் கடைசியில் வருபவை. புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அவற்றில்தான் தொடங்குகிறார்கள். இருபது பேர் வருவார்கள், முதல் வாரம் கலகலப்பாகப் போகும். மூன்றாவது வாரம் யாராவது ஒருவர் கனமான ஒன்றைச் சொல்லிவிடுவார். அடுத்து என்ன செய்வதென்று அறையில் யாருக்கும் தெரியாது. அதற்கடுத்த வாரம் ஐந்து பேர்தான் வருவார்கள். அந்த ஐவரில் அவர் இருக்க மாட்டார்.

சிங்கப்பூரில் பல்கலைக்கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரி (பாலிடெக்னிக்), தொழில்நுட்பக் கல்விக் கழகம் எதில் படித்தாலும் சரி, தமிழ் பேசும் மாணவர்கள் மனம்விட்டுப் பேச ஒரு குழு வைக்க நினைத்தால் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். முதல் ஐந்து வேலைகளுக்கே சில வாரம் பிடிக்கும். அவசரப்பட வேண்டாம். ஆட்களை அழைப்பது ஆறாவதாகத்தான் வருகிறது, அதற்குக் காரணம் இருக்கிறது.

1. எதற்காகக் கூடுகிறோம் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்

ஒருவர் சுமையை மற்றவர் கேட்டுத் தாங்குகிற குழு ஒன்று. ஒரு பொருளை எடுத்து விவாதிக்கிற குழு இன்னொன்று. சேர்ந்து படிக்கிற குழு வேறு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் ஒன்றும் நடக்காது. விவாதத்துக்கு வந்தவர் எதிர்வாதம் செய்வார். மனம் கனத்து வந்தவர் அதைத் தன்மேல் விழுந்த அடியாக எடுத்துக்கொள்வார்.

"கல்லூரி வாழ்க்கையில் தனியாகத் தவிக்கிறவர்கள் ஒருவரையொருவர் கேட்க 75 நிமிடம்" என்கிற மாதிரி ஒரு வரி போதும். அதன்கீழே, என்னென்ன செய்ய மாட்டோம் என்றும் எழுதுங்கள்: சிகிச்சை தர மாட்டோம், பாடம் நடத்த மாட்டோம், எந்தச் சமயத்துக்கும் கட்சிக்கும் ஆள் சேர்க்க மாட்டோம். இந்தப் பட்டியலைப் பிற்பாடு பலமுறை எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.

மொழியையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். இங்கே பிறந்து வளர்ந்த பல மாணவர்களுக்குத் தமிழ் புரியும், ஆனால் துக்கத்தைச் சொல்ல ஆங்கிலம்தான் வரும். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவருக்கு நேர்மாறாக இருக்கலாம். "அவரவருக்கு வாயில் வருகிற மொழியில் பேசலாம், யாரும் திருத்தக் கூடாது" என்பதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. தமிழ் மட்டும்தான் என்று வைத்தால் நன்றாகத் தமிழ் பேசுகிறவர்கள் மட்டுமே பேசுவார்கள்.

2. கல்லூரியின் மனநல ஆலோசகரை முதலில் பாருங்கள்

பலரும் இதைத் தள்ளிப்போடுகிறார்கள், "நாங்கள் சும்மா பேசப்போகிறோம், அவர்கள் எதற்கு?" என்று. சும்மா பேசுகிற இடத்தில்தான் பெரிய விஷயங்கள் வெளிவரும். அப்படி வரும்போது யாரைக் கூப்பிடுவது என்று அந்த நேரத்தில் தேடக் கூடாது.

ஆலோசகரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். அலுவலக நேரத்தில் ஒரு மாணவரை நேரடியாக அழைத்து வந்தால் யார் பார்ப்பார்கள்? மாலை ஆறு மணிக்குப் பிறகு என்றால் எந்த எண்? சக மாணவர்களுக்கு உதவுவதற்கான பயிற்சி கல்லூரியில் நடக்கிறதா, எங்கள் வழிநடத்துநர்கள் சேரலாமா? பெரும்பாலான கல்விநிலையங்களில் ஏதோ ஒரு வடிவத்தில் அப்படிப்பட்ட பயிற்சி இருக்கிறது. அறை எடுக்கும் அனுமதியும் பெரும்பாலும் மாணவர் விவகார அலுவலகம் வழியாகத்தான் வர வேண்டும், அங்கே ஆலோசகரின் ஆதரவு இருந்தால் வேலை சுலபம்.

அப்புறம், இந்த எண்களைக் கைப்பேசியில் சேமித்துவிடுங்கள். தற்கொலை எண்ணத்தில் தவிக்கிறவர்களுக்கு உதவுகிற எஸ்.ஓ.எஸ். என்கிற சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்: 1767, இருபத்து நான்கு மணி நேரமும். தேசிய மனநல உதவி எண் 1771. மனநல மருத்துவமனையான மனநலக் கழகத்தின் உதவி எண் 6389 2222. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995. 16 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கென்று மனநலக் கழகம் 'சாட்' என்ற சேவையையும் நடத்துகிறது. மருத்துவமனைக்குப் போகப் பயப்படுகிற மாணவருக்கு அது ஒரு இலகுவான வாசல்.

3. இரண்டு வழிநடத்துநர்கள் வேண்டும், ஒருவர் போதாது

காரணம் எளியது. யாராவது அழுதுகொண்டு வெளியே போனால் ஒருவர் கூடப் போக வேண்டும், இன்னொருவர் அறையில் மற்றவர்களோடு இருக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது.

நன்றாகப் பேசுகிறவரைத் தேர்ந்தெடுக்கிற பழக்கம் நம்மிடம் அதிகம். பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்குகிறவர் இங்கே பெரும்பாலும் சரிப்பட மாட்டார். மௌனம் விழுந்தால் அவருக்குத் தாங்காது, உடனே நிரப்பிவிடுவார். வகுப்பில் யாரிடம் போய் மற்றவர்கள் புலம்புகிறார்கள் என்று கவனியுங்கள். அவரைக் கேளுங்கள். அவர் இப்போது தன் வாழ்க்கையில் பெரிய நெருக்கடியில் இருந்தால் அடுத்த செமஸ்டருக்குக் காத்திருக்கச் சொல்லுங்கள். அது அவர் நன்மைக்கு.

இருவரும் ஒரே மாதிரியாக இருக்கக் கூடாது. இங்கே வளர்ந்தவர் ஒருவர், வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஒருவர் என்று இருக்கலாம். ஒரு ஆண், ஒரு பெண் என்றும் இருக்கலாம். உள்ளே நுழைகிறவர், "என் மாதிரி ஒருத்தர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்" என்று உணர வேண்டும்.

அண்ணா, அக்கா விஷயத்தையும் இங்கேயே பேசிவிடுங்கள். இரண்டு வருடத் தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) முடித்து வருகிற ஆண்கள் முதலாம் ஆண்டிலேயே பெண்களைவிட மூத்தவர்களாக இருப்பார்கள். பாலிடெக்னிக் முடித்துப் பல்கலைக்கழகம் வந்தவர் இன்னும் மூத்தவர். ஒருவரை அண்ணா என்று கூப்பிட்டுவிட்டால் அவர் சொல்வதை மறுத்துப் பேசத் தயக்கம் வரும். அவரும் தானாகவே புத்தி சொல்லத் தொடங்கிவிடுவார். நான் பார்த்தவரை வட்டத்துக்குள் எல்லாரையும் பெயர் சொல்லி, 'நீங்க' என்று அழைப்பதே நன்றாக வேலை செய்கிறது. வெளியே போனதும் அண்ணா என்றே கூப்பிடட்டும், அதில் ஒரு குறையும் இல்லை.

4. நாள், நேரம், அறை

செமஸ்டர் அட்டவணையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஆகஸ்டிலும் ஜனவரியிலும் செமஸ்டர் தொடங்கும். பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் ஏப்ரலிலும் அக்டோபரிலும். முதல் இரண்டு வாரம் எல்லாரும் சி.சி.ஏ. எனப்படும் இணைப்பாட நடவடிக்கை தேடி ஓடிக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது வாரம் தொடங்குவது சரியாக வரும். இடையில் வருகிற ஒரு வார விடுமுறையில் வைக்காதீர்கள், வெளிநாட்டு மாணவர்கள் சிலர் ஊருக்குப் போயிருப்பார்கள், மற்றவர்கள் விட்ட பாடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால் முடித்துவிடுங்கள். மொத்தம் ஆறு சந்திப்புகள் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக இருக்கும்.

நேரத்தைக் குறிக்கும்போது யார் யாரால் வர முடியாமல் போகும் என்று யோசியுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் முஸ்லிம் மாணவர்கள் தொழுகைக்குப் போவார்கள். நோன்பு மாதத்தில் மாலை 7 மணியை ஒட்டி நோன்பு துறக்க வேண்டும், அதனால் ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறேகாலுக்கு முடியுங்கள். ஜொகூர் பாருவிலிருந்து தினமும் கடற்பாலம் தாண்டி வருகிறவருக்கு இரவு எட்டு மணிக் கூட்டம் எட்டாது. பகுதிநேர வேலை செய்கிறவர்கள் வார இறுதியில் கடையில் நிற்பார்கள். எல்லாருக்கும் பொருந்துகிற நேரம் கிடைக்காதுதான். எப்போதும் ஒரே பிரிவினர் விடுபடாமல் இருந்தால் போதும்.

அறை கண்ணாடிச் சுவர் இல்லாததாக இருக்கட்டும். வெளியே நண்பர்கள் கடந்து போகிற இடத்தில் யாரும் கண்கலங்க மாட்டார்கள். நடுவில் மேசை வேண்டாம், நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். டிஷ்யூப் பெட்டியை எல்லார் கைக்கும் எட்டுகிற இடத்தில் தரையில் வையுங்கள். அழுகிறவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள், "போதும், நிறுத்து" என்று சொல்வதுபோல் ஆகிவிடும். சாப்பாடு வாங்கினால் ஹலாலாகவும் சைவமாகவும் உள்ள ஒன்றாக வாங்குங்கள். கோழியும் முட்டையும் சேராத உருளைக்கிழங்குக் கறிபஃப் எல்லாருக்கும் ஆகும். தனித்தனித் தட்டு வைத்தால் உள்ளே வரும்போதே ஆட்கள் பிரிந்து உட்காருவார்கள்.

5. விதிகளை எழுதுங்கள், ரகசியத்தின் எல்லையோடு சேர்த்து

நம் சமூகம் இங்கே சிறியது. தெம்பனிஸில் இருக்கிற பெண் சொன்னதை உட்லண்ட்ஸில் இருக்கிற அவள் பெரியம்மா அடுத்த வாரக் கல்யாணத்தில் கேட்டுவிட முடியும். வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவரின் அப்பாவும் உங்கள் அப்பாவும் ஒரே கோயில் நிர்வாகத்தில் இருக்கலாம். தமிழ் மாணவர்கள் வாய் திறக்காததற்கு வெட்கத்தைவிட இந்தப் பயமே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். ஆகவே ரகசிய விதியில் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும்.

"இங்கே பேசியது வெளியே போகாது" என்று மட்டும் எழுதினால் போதாது. என்னென்ன போகாது என்று விரித்து எழுதுங்கள். பெயரை மறைத்துக்கூட அடுத்தவர் கதையைச் சொல்லக் கூடாது, ஏனென்றால் "ஒரு பொண்ணு, மூன்றாம் ஆண்டு, தஞ்சாவூர்" என்றாலே யாரென்று தெரிந்துவிடும். படம் எடுக்கக் கூடாது. வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் வேண்டாம். கல்லூரி வருகைக் கணக்கு கேட்டால் எண்ணிக்கை மட்டும் கொடுக்க முடியுமா என்று ஆலோசகர் வழியாக முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே எம்.ஆர்.டி. ரயிலில் பார்த்தால், அவர் முதலில் சிரித்தால் மட்டும் சிரியுங்கள். பக்கத்தில் அவர் அம்மா நிற்கலாம்.

அதே மூச்சில் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து விளைவிக்கலாம் என்று தெரிந்தால் வழிநடத்துநர்கள் ஆலோசகரிடம் சொல்வார்கள். வயது வராதவர் யாராவது துன்புறுத்தப்படுகிறார் என்று தெரிந்தாலும் அப்படித்தான். முதலாம் ஆண்டு மாணவர்களில் பதினேழு வயதினர் இருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். "யாரிடமும் சொல்ல மாட்டேன், சத்தியம்" என்று வாக்குக் கொடுக்கிற வழிநடத்துநர் பிறகு ஒன்று சத்தியத்தை மீற வேண்டும், அல்லது ஆபத்தை மறைக்க வேண்டும். அந்த நிலைக்கே போகாதீர்கள்.

மற்ற விதிகள் சுருக்கமாக இருக்கட்டும்: கேட்காமல் அறிவுரை வேண்டாம், பேச விருப்பமில்லை என்றால் 'பாஸ்' சொல்லலாம், 'நான்' என்று தொடங்கிப் பேசலாம்.

6. இப்போது ஆட்களை அழையுங்கள்

போஸ்டரில் 'மனநலம்', 'மன அழுத்தம்' என்று பெரிதாகப் போட்டால் அதன் முன்னால் நின்று படிக்கவே ஆட்கள் தயங்குவார்கள். "முதல் செமஸ்டர் எப்படிப் போகிறது?", "வீட்டில் ஒன்று, கல்லூரியில் ஒன்று என்று வாழ்கிறீர்களா?" என்று கேளுங்கள். போஸ்டரைவிட நேரில் அழைப்பது பலன் தரும். ஒவ்வொரு வழிநடத்துநரும் தனக்கு நெருக்கம் இல்லாத மூன்று நான்கு பேரையாவது கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் நண்பர் கூட்டம்தான் வரும்.

ஆறு முதல் பத்து பேர் போதும். பதினான்கு பேர் பெயர் கொடுத்தால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். 75 நிமிடத்தில் பதினான்கு பேருக்குப் பேச நேரம் இருக்காது.

பலதரப்பட்ட குழு என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு வகையிலும் ஒரே ஒருவரைக் கூட்டி வருவது அடிக்கடி நடக்கிற தவறு. வட்டத்தில் ஒரே இலங்கை மாணவர், ஒரே முஸ்லிம் மாணவி, தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலிருந்து வந்த ஒரே ஆள் என்றால், அவர்கள் தங்களைப் பற்றிப் பேச முடியாது. தங்கள் கூட்டத்துக்கே பிரதிநிதியாகிவிடுவார்கள். முடிந்தவரை இரண்டிரண்டு பேராவது இருக்கும்படி அழையுங்கள். உடற்குறை உள்ள மாணவர் வருகிறார் என்றால், அறைக்கு மின்தூக்கி உண்டா, காது சரியாகக் கேட்காதவர் எங்கே உட்கார்ந்தால் எல்லார் முகமும் தெரியும் என்று அவரையே முன்னதாகக் கேளுங்கள்.

7. முதல் சந்திப்பு

முதல் பத்து நிமிடம் வருவதற்கும் சாப்பிடுவதற்கும். அடுத்த பத்து நிமிடம் விதிகள். வாசித்துவிட்டு நகராதீர்கள், ரகசிய விதிக்கு ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சம்மதம் சொல்லட்டும். பிறகு ஒரு சுற்று, ஆளுக்கு ஒன்றரை நிமிடம். வழிநடத்துநர் முதலில் பேசி அளவைக் காட்ட வேண்டும். அவர் "எல்லாம் நல்லா போகுது" என்றால் எல்லாரும் அதையே சொல்வார்கள். அவர் தன் பெரிய துக்கத்தை அவிழ்த்துவிட்டால் மற்றவர்கள் மிரண்டுபோவார்கள். "இந்த வாரம் லேப் அறிக்கையில் மதிப்பெண் குறைந்தது, வீட்டில் சொல்லவில்லை" என்கிற அளவு சரி.

அதன்பிறகு அரை மணி நேரம் ஒரே பொருள். முதல் நாளுக்குப் பொருத்தமான கேள்வி: "இங்கே வந்த பிறகு எதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள், சொல்லக்கூடிய அளவில்?" கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். இருபது விநாடி மௌனம் மிக நீளமாகத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள், யாராவது தொடங்குவார்கள்.

கடைசிப் பத்து நிமிடம் மூடுவதற்கு. இதை விட்டுவிடாதீர்கள். ஒருவர் கண்கலங்கிய நிலையில் "சரி, அறையைக் காலி பண்ணணும்" என்று எழுந்து போனால் அவர் அந்தக் கனத்தோடு தனியாக பஸ் ஏறுவார். "இங்கிருந்து போனதும் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று ஒரு சுற்று கேளுங்கள். அந்தச் சாதாரணக் கேள்வி ஆட்களைத் தரைக்குக் கொண்டுவரும்.

8. கேட்கத் தெரிந்துகொள்ளுங்கள்

"பெயில் ஆயிடுவேன்னு பயமா இருக்கு" என்று ஒருவர் சொன்னால் நம் வாயில் முதலில் வருவது என்ன? "அதெல்லாம் ஆக மாட்டீங்க, நல்லா படிங்க." அல்லது, "எனக்குப் போன வருஷம் இதைவிட மோசம்." அல்லது, "எல்லாருக்கும் இருக்கறதுதானே." மூன்றுமே அன்பில் வருபவை, மூன்றுமே அவர் வாயை அடைத்துவிடும்.

"எப்பத்திலேர்ந்து இப்படி இருக்கு?" என்று கேளுங்கள். அல்லது அவர் சொன்னதையே சுருக்கித் திரும்பச் சொல்லுங்கள்: "தேர்வைவிட, வீட்டுல எப்படிச் சொல்றதுங்கிறதுதான் பயமா?" தப்பாக இருந்தால் அவரே திருத்துவார், அப்போது இன்னும் தெளிவாகப் பேசுவார். 'ஏன்' என்ற கேள்வியைத் தவிர்க்கப் பாருங்கள். நம் வீடுகளில் 'ஏன்' என்பது விசாரணையில்தான் வரும்: ஏன் லேட், ஏன் மார்க் குறைஞ்சது.

தகவல் தேவைப்படுகிற இடம் வேறு. ஒருவருக்குக் கட்டணம் கட்டப் பணமில்லை என்றால் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டாம். கூட்டம் முடிந்ததும் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தைக் காட்டுங்கள். சிங்கப்பூர்க் குடும்பமாக இருந்தால் சிண்டா என்கிற இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தையும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

9. வேறுபாடு மேலே வரும்போது

வரும். வராத குழு இன்னும் மேலோட்டமாகப் பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இங்கே அடிக்கடி வருவது, உள்ளூர் மாணவருக்கும் வெளிநாட்டு மாணவருக்கும் இடையிலானது. "அவங்க வந்து வளைகோட்டைத் தூக்கிடறாங்க, எங்க கிரேடு போகுது" என்பார் ஒருவர், மற்றவர்களோடு ஒப்பிட்டு மதிப்பெண் தரும் முறையை நினைத்து. "இவங்களுக்கு என்ன, வீடு இங்கேயே இருக்கு" என்பார் மற்றவர். ஒருவருக்கு இரண்டு வருடத் தேசிய சேவை போனது கண்ணில் நிற்கிறது. இன்னொருவருக்குக் கல்விக் கட்டண மானியத்துக்காகப் படித்து முடித்ததும் மூன்று வருடம் இங்கே வேலை செய்தாக வேண்டும், வேலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்ற கலக்கம். இரண்டும் உண்மை. எது பெரியது என்று அளக்க விடாதீர்கள். "அவங்க" என்று தொடங்கிய வாக்கியத்தை "எனக்கு" என்று மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். "எனக்கு ரெண்டு வருஷம் பின்னாடி நிக்கிற மாதிரி இருக்கு" என்று அவர் சொல்லும்போது எதிரில் இருப்பவருக்குச் சண்டைபோட ஒன்றும் இருக்காது, கேட்கத்தான் தோன்றும்.

பேச்சு நடையைக் கிண்டல் செய்வதை முதல் தடவையே நிறுத்துங்கள். 'லா' போட்டுப் பேசுகிற சிங்கப்பூர்த் தமிழும் மதுரைத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் இங்கே ஒன்றுதான். சாதி பற்றி யாராவது "நீங்க எந்த ஊர், எந்தப் பக்கம்?" என்று சுற்றி வளைத்துக் கேட்டால், "இங்கே அந்தக் கேள்வி வேண்டாம்" என்று நேராகச் சொல்லுங்கள். சுற்றி வளைத்த கேள்விக்கும் நேரான பதில்தான் வேண்டும், ஏனென்றால் கேட்கப்பட்டவருக்கு அது என்ன கேள்வி என்று நன்றாகத் தெரியும்.

சமயத்தைப் பற்றித் தன் அனுபவத்தைச் சொல்லலாம். அடுத்தவர் சமயத்தை எடைபோடக் கூடாது. புண்படுத்துகிற சொல் விழுந்துவிட்டால், சொன்னவரைக் குற்றவாளியாக்காமல் ஆனால் தள்ளியும் போடாமல், "அந்த வார்த்தை வலிக்கிற வார்த்தை, வேறு மாதிரி சொல்லுங்க" என்று அங்கேயே சொல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் புண்பட்டவரிடம் தனியாகப் பேசுங்கள்.

10. யாராவது சாகத் தோன்றுகிறது என்றால்

நேராகக் கேளுங்கள்: "தற்கொலை பண்ணிக்கணும்னு நினைக்கிறீங்களா?" கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு, அப்படி வருவதில்லை. ஒருவர் கேட்டதே பலருக்கு ஆறுதலாக இருக்கும்.

ஆமாம் என்றால் ஒரு வழிநடத்துநர் அவரோடு அமைதியான இடத்துக்குப் போக வேண்டும். தனியாக விடக் கூடாது. ஆலோசகர் சொன்ன எண்ணை அழையுங்கள், நேரம் கடந்திருந்தால் 1767. எப்படி, எப்போது என்று திட்டம் வைத்திருந்தாலோ, கையில் அதற்கானது இருந்தாலோ 995. உதவிக்கு ஆள் வரும்வரை கூடவே இருங்கள். "போலீஸ் கேஸாகிவிடுமோ" என்று பயந்து மறைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் தற்கொலை முயற்சி குற்றமாகக் கருதப்படுவதில்லை. அதை அவரிடமும் சொல்லுங்கள்.

அறையில் இருக்கிற மற்றவர்களுக்கு விவரம் வேண்டாம். "அவரோடு ஆள் இருக்கிறார், உதவி வருகிறது" என்பது போதும்.

11. கூட்டம் கலைந்த பிறகு

வழிநடத்துநர் இருவரும் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். யார் வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் இருந்தார், எது உங்கள் மனத்தில் ஒட்டிக்கொண்டது, யாரை நாளைக்கு விசாரிக்க வேண்டும். கேட்ட கனத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிற வழிநடத்துநர் சில வாரத்தில் ஓய்ந்துவிடுவார். மாதம் ஒருமுறை ஆலோசகரையும் பாருங்கள்.

டெலிகிராம் குழுவை அறிவிப்புக்கு மட்டும் வையுங்கள், மற்றவர்கள் எழுத முடியாதபடி. இரவு இரண்டு மணிக்கு ஒருவர் அங்கே உடைந்து எழுத, காலை ஒன்பது மணி வரை யாரும் பார்க்காமல் இருப்பது ஆபத்து. அந்தக் குழுவின் முகப்பிலேயே 1767, 1771 இரண்டையும் போட்டு வையுங்கள்.

ஆறாவது சந்திப்போடு முடித்துவிட்டு, தொடர விரும்புகிறவர்களை அடுத்த செமஸ்டர் புதிதாகச் சேரச் சொல்லுங்கள். முடிவு தெரியாத குழுவில் ஆட்கள் ஒவ்வொருவராக நழுவுவார்கள், மிஞ்சியவர்கள் தங்களை விட்டுவிட்டதாக நினைப்பார்கள். அடுத்த வழிநடத்துநர்களை நான்காவது சந்திப்புக்குள் அடையாளம் கண்டு ஆலோசகரிடம் அறிமுகப்படுத்திவிடுங்கள், இறுதியாண்டுத் திட்டமும் வேலைப்பயிற்சியும் தொடங்கிவிட்டால் உங்களுக்கு அதற்கு நேரம் கிடைக்காது.